மாற்று ஆள் வந்தால்தான் இறங்கலாம்

மலைப் பள்ளிக்குப் பணி ஆணை கிடைத்ததும் நீங்கள் முதலில் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மாற்றல் எப்போது கேட்கலாம் என்று விசாரித்திருப்பீர்கள். தப்பில்லை, நானும் அதைத்தான் செய்தேன். சந்தவாசலில் பிறந்து வளர்ந்தவள் நான். காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஜவ்வாது மலைதான் முகத்துக்கு நேரே தெரியும். ஆனாலும் அதன் மேல்தான் வேலை என்றதும் உட்கார்ந்து அழுதேன். ஓய்வு பெற்ற அன்று இறங்கி வர மனம் வராமல் மறுபடியும் அழுதேன். இரண்டு அழுகைக்கும் நடுவில் நடந்த ஏதாவது ஒன்றைப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள்.

பாடத்திட்டம், தேர்ச்சி விழுக்காடு பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பயிற்சி வகுப்பு வைப்பார்கள், மதியச் சாப்பாடும் போடுவார்கள். பிள்ளைகளை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு நாமே அதில் வசமாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் என் முதல் தலைமையாசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்தது ஆலங்காயம் பக்கத்தில் ஒரு பள்ளியில். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் மற்ற பள்ளிகளில் தோரணம் கட்டுவார்கள், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றுவார்கள். எங்கள் தலைமையாசிரியர் எதையும் தொட விடமாட்டார். ஒருமுறை நான் பதறிப்போய், கரும்பலகையையாவது கறுப்படிக்கலாமே என்று கேட்டேன். "இன்னாத்துக்கும்மா? நேத்து வெளுத்துப்போன போர்டுல எழுதுனப்ப புள்ளைங்க படிச்சாங்க இல்ல? அவரும் படிப்பாரு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதரின் நிதானத்தில் கால்வாசி எனக்கு வந்திருந்தாலும் என் ரத்த அழுத்த மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கும்.

இனி மலைக்கு வருவோம். நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் மாணவியர் விடுதியும் உண்டு. பேருந்து போகாத ஊர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பெண்கள். விடுதியின் பெரிய தலைவலி தண்ணீர். ஆழ்குழாய்க் கிணறு இருந்தது, அதில் மோட்டார் இருந்தது, குளியலறைக் கட்டடத்தின் மேல் கறுப்புத் தொட்டி இருந்தது. ஆனால் தண்ணீர் மேலே ஏறாது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகும், சூடாகும், நின்றுபோகும். மின்சார வாரியத்தில் கேட்டால், லைன் நீளம், கடைசியில் இருக்கிறீர்கள், மின்னழுத்தம் குறைவாகத்தான் வரும் என்றார்கள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய் வருவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். கழிப்பறையின் நிலையை நான் எழுத வேண்டாம், நீங்கள் படிக்கவும் வேண்டாம்.

தண்ணீர் இல்லாத இடத்தில் விடுதி எதற்கு, அடிவாரத்துக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு கிளம்பியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சு ஊருக்குள் பரவிய வாரமே பவித்ராவின் அப்பா என் அறைக்கு வந்தார். பவித்ரா எட்டாம் வகுப்பு, விடுதிப் பெண். சாமையும் புளியும்தான் அவர்கள் பிழைப்பு.

"டீச்சர், ஹாஸ்டல் கீழ போய்ட்டா நான் பொண்ண அனுப்ப மாட்டேங்க" என்றார். "இங்கன்னா சந்தைக்கு வர்றப்ப எட்டிப் பாத்துட்டுப் போறேன். கீழ யாரு கீறாங்க எங்களுக்கு? காய்ச்சல்னா கூட ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

"படிக்கிற பொண்ணுங்க. நிறுத்திடாதீங்க."

"படிக்கிறது தெரியுது டீச்சர். அதான் இங்கயே வையுங்கன்னு கேக்க வந்தேன்."

அவர் சொன்னதையே நாலைந்து அப்பாக்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பவித்ரா கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்பா போனதும் உள்ளே வந்து, அழாமல், ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர், ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் டீச்சர் தண்ணி ஏறுது?"

நான் அதைக் கவனித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சந்தவாசலில் இருப்பேன். விடுதிப் பெண்களுக்குத்தான் தெரியும், அன்று மட்டும் மோட்டார் முனகாமல் ஓடும் என்பது. அவளே பதிலும் வைத்திருந்தாள். "அன்னிக்கு கிளாசு எல்லாம் பூட்டிக் கெடக்குது. லைட்டு இல்ல, பேன் இல்ல. அந்தக் கரண்டு மோட்டாருக்கு வருது. வேணும்னா இப்பவே எல்லாத்தயும் நிறுத்திப் பாக்கலாமா?"

மதிய உணவு நேரத்தில் நிறுத்திப் பார்த்தோம். பள்ளிக்குள் நுழையும் ஒரே ஒயரில் வருவதைத்தான் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகு மோட்டார் போட்டதும் ஒரு சீற்றம் கேட்டது, அப்புறம் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். பெண்கள் குதித்தார்கள். நானும் கொஞ்சம் குதித்தேன் என்று பிறகு சத்துணவு அமைப்பாளர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்றே பிள்ளைகள் ஒரு குழு அமைத்து 'கரண்டுக் காவல்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். பவித்ராதான் தலைவி. உங்கள் முடிவுக்கு நான் கட்டுப்படுகிறேன் என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெருந்தன்மையாக அறிவித்தேன். பெருந்தன்மைக்குப் பலன் மறுநாளே கிடைத்தது. எந்தச் சாமான் அதிகம் மின்சாரம் இழுக்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்து, மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடித்திருந்தார்கள். முதல் குற்றவாளி ஆசிரியர் அறையின் கெட்டில். இரண்டாவது, என் அறையில் குளிருக்காக வைத்திருந்த ஹீட்டர்.

கெட்டிலைத் தூக்க வந்தபோது கணக்கு ஆசிரியர் குறுக்கே நின்றுவிட்டார். அமிர்தி ஊர்க்காரர், குரல் பெரிசு, மனசும் பெரிசு. "டீ இல்லாம எனக்குக் கணக்கு வராதும்மா. உங்களுக்கும் வராது" என்றார்.

"சத்துணவு அடுப்புல போட்டுத் தர்றோம் சார். ஆயாகிட்ட சொல்லிட்டோம்" என்று பதில் தயாராக வந்தது. ஹீட்டரை எடுக்க வந்தபோது நான் சால்வையைப் போர்த்திக்கொண்டேன்.

அப்படியும் வகுப்பு நடக்கும்போது மோட்டார் தடுமாறியது. மிச்சம் இருந்தது பழைய குழல்விளக்குகளும் மின்விசிறிகளும். குளிர்கிற மலையில் மின்விசிறி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஜன்னல்கள் வருடக்கணக்காகத் திறக்கப்படவில்லை என்பதுதான் பதில். காரணம் குரங்குகள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே குட்டி உள்ளே நுழையும், கையில் கிடைத்ததை எடுத்துத் தாயிடம் நீட்டும். கம்பி வலை கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால் ஜன்னலை அடைத்தோம், இருட்டியது, விளக்குப் போட்டோம். புழுங்கியது, விசிறி போட்டோம். மத்தியானப் பாடவேளையில் பாதிப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், ஒருவர் இருமினால் வரிசையே இருமும். மலைப் பிள்ளைகள் மந்தம் என்று அதற்கு நாங்கள் ஒரு பெயரும் வைத்திருந்தோம். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஜன்னலைத் திறந்துவிடலாம் என்று கரண்டுக் காவல் முடிவெடுத்தது. திறந்தோம். முதல் நாளே கணக்கு ஆசிரியரின் எலுமிச்சை சாதம் டப்பாவோடு புங்கமரத்துக்கு ஏறிவிட்டது. "கரண்டு மிச்சம், எனக்குக் கொலப் பட்டினி" என்று மரத்தடியில் நின்று கத்தினார். டப்பா மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. இத்தோடு விளையாட்டு போதும், நாளையிலிருந்து ஜன்னல் அடைப்புதான் என்று ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பிள்ளைகளுக்கு அப்படிப் படவில்லை. "டீச்சர், கொல்லையில குரங்கு வருதுன்னு யாராவது கொல்லைய மூடுவாங்களா?" என்று பவித்ரா கேட்டாள். அவள் கேட்டது சரிதான். சாமை கதிர் பிடிக்கும் காலத்தில் மலையில் கொல்லைக்குக் கொல்லை பரண் இருக்கும், கொல்லை என்றால் இங்கே விளைநிலம். மரத்தில் கழி கட்டி, மேலே உட்கார்ந்து முறை வைத்துக் காவல் காப்பார்கள். குரங்கோ கிளியோ வந்தால் தகரத்தைத் தட்டிக் கூவுவார்கள். ஒரு கொல்லையில் கூவினால் அடுத்த கொல்லையிலும் கூவுவார்கள், வந்தவை ஓடிப்போகும். பள்ளிக்கு மட்டும் ஏன் பரண் இல்லை என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி.

நான் சில நிபந்தனைகள் போட்டேன். பரண் உயரமாக இருக்கக் கூடாது, கல்லோ கவணோ கூடாது, பாடம் கெடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர்கள் தங்கள் நிபந்தனையைச் சொன்னார்கள். விளையாட்டுப் பாடவேளை எந்த வகுப்புக்கோ அந்த வகுப்பிலிருந்து இரண்டு பேர் காவல். கொல்லையில் உள்ள விதிதான் இங்கேயும்: மாற்று ஆள் மேலே ஏறாமல் காவல் ஆள் கீழே இறங்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி.

"நான் கூப்பிட்டாலுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"நீங்க கூப்பிட்டாலும்தான் டீச்சர்."

பவித்ராவின் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து புங்கமரத்தில் பரண் கட்டி, ஏணியும் சாத்திவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். குரங்குகள் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்று ஓடைப்பக்கம் போய்விட்டன. எப்போதாவது ஒரு நப்பாசையில் வரும். ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. வகுப்புக்குள் வெயில் வந்தது, காற்று வந்தது, மழை நாளில் மண் வாசனை வந்தது. மத்தியானம் யாரும் தூங்கவில்லை. கணக்கு ஆசிரியருக்கு அதில் வருத்தம்கூட, ஏனென்றால் கேள்விகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மேகம் கவிந்த நாளில் மட்டும் விளக்கு. மோட்டார் காலையில் ஓடும், தொட்டியில் பாதிக்கு மேல் நிற்கும். குடங்கள் சமையலறையில் கவிழ்ந்து கிடந்தன.

ஆனால் விடுதியை மாற்றும் பேச்சு தன் வழியில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள், மாவட்டத்திலிருந்து அதிகாரி நாளைக் காலை நேரில் வருகிறார், பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று தகவல் வந்தது.

ஆசிரியர் அறையில் ஒரே பரபரப்பு. விளக்கு எரியாவிட்டால் பள்ளிக்கு மின்சாரமே இல்லை என்று நினைத்துவிடுவார், எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்றார்கள். கணினி அறை முழுக்க ஓட வேண்டும் என்றார்கள். பரணில் சேலையைக் கட்டி மறைத்துவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். எல்லாவற்றையும் போட்டால் பள்ளி பளபளவென்று இருக்கும். அவர் விடுதிக் குழாயைத் திறக்கும்போது காற்றுதான் வரும். போடாவிட்டால் முதல் பார்வையிலேயே முகம் சுளிப்பாரோ என்ற பயம். ஆலங்காயத்துத் தலைமையாசிரியர் வெற்றிலை மடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நேத்து எப்படி இருந்துச்சோ நாளைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன குரலில் இருந்த தைரியம் எனக்கு உள்ளே இல்லை.

மறுநாள் அதிகாரியை வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்த நேரத்தில், வகுப்பில் வருகைப்பதிவு முழுதாக இருக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் கணக்கு ஆசிரியர் பரணுக்குப் போய்க் காவலில் இருந்த இரண்டு பேரையும் வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒருத்தி பயந்து இறங்கிப் போய்விட்டாள். பவித்ரா இறங்கவில்லை. நான் அதிகாரியோடு உள்ளே வந்தபோது, மைதானத்தின் நடுவே, மரத்தின் மேல், மடியில் தகர டப்பாவோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னா மரத்து மேல கீது?" என்றார் அதிகாரி. நல்லவேளை, அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

"காவல்ங்க சார். ஹாஸ்டல் பொண்ணு."

"ஹாஸ்டல் பொண்ணா? அதுங்ககிட்டத்தான் நான் பேசணும். எறங்கி வாம்மா!"

பவித்ரா எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். "மாத்தாள் வரலீங்க சார். மாத்தாள் வந்தாத்தான் எறங்குவேன்."

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்ததால் எல்லா வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். நான் அதட்டினால் ஒருவேளை அவள் இறங்கியிருப்பாள். அப்புறம் கரண்டுக் காவல் என்ற ஒன்று இருக்காது. பெரியவர்களுக்கு இஷ்டமான வரைக்கும்தான் நம் விதி என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே நொடியில் தெரிந்துகொள்வார்கள். அதட்டாவிட்டால் அதிகாரிக்குக் கோபம் வரும், விடுதி போகும், அந்தப் பெண்ணின் படிப்பே போகும். வேறு பிள்ளையை அனுப்பச் சொல்லிக் குரல் கொடுக்கலாம். ஆனால் அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றினேன். முந்தானையை இடுப்பில் செருகினேன். ஏணியில் ஏறினேன்.

என் உடம்புக்கு அது ஏணிக்குச் செய்த அநியாயம். கணக்கு ஆசிரியர் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டு. மேலே போய் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பவித்ரா தகர டப்பாவை என் மடியில் வைத்து, "அந்தப் பக்கம் பாத்துக்குங்க டீச்சர், பாறை வழியாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நேராக அதிகாரியிடம் போய், "வாங்க சார், குழாயக் காட்டறேன்" என்றாள். அவரும் போனார்.

பரணிலிருந்து பார்த்தால் பள்ளி முழுதும் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை, ஒரு வகுப்பும் இருட்டாக இல்லை. குழாயடியில் பவித்ரா கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. வகுப்புகள் பக்கம் கை காட்டினாள், மோட்டார் பக்கம் காட்டினாள், என் பக்கமும் ஒருமுறை காட்டினாள். அதிகாரியே போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். சீற்றம் கேட்டது. அவர் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். கழிப்பறைகளைப் பார்த்தார். விடுதிப் பெண்களோடு நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து, பாறை வழியாகக் கிழட்டுக் குரங்கு ஒன்று கூட்டத்தோடு வந்தது. தகரத்தைத் தட்டினேன். கூவ வேண்டுமே! காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசிப் பழகிய தொண்டைக்குக் கூவல் எங்கே வரும்? என்னவோ ஒரு சத்தம் வந்தது. ஆனால் அதைக் கேட்டதும் எல்லா ஜன்னலிலிருந்தும் பிள்ளைகள் கூவினார்கள் பாருங்கள், அடுத்த கொல்லையில் கூவுகிற மாதிரி! கணக்கு ஆசிரியரும் கீழிருந்து கூவினார். குரங்குகள் வந்த வழியே போய்விட்டன. அவ்வளவு சந்தோஷமாக நான் என் வேலைக்காலத்தில் எந்த மேடையிலும் இருந்ததில்லை.

அந்தக் கலவரத்தில் மோட்டாரை எல்லாரும் மறந்துவிட்டோம். தொட்டி நிறைந்து, வழிந்து, சுவரெல்லாம் தண்ணீராக இறங்கியது. நான் பார்க்க அந்தத் தொட்டி வழிந்தது அதுவே முதல் தடவை. பெண்கள் ஆவென்று பார்த்து நின்றார்கள். பவித்ரா மட்டும் போட்டாள் ஒரு சத்தம், அது பரண் வரைக்கும் கேட்டது.

"சார்! மோட்டார நிறுத்துங்க சார், கரண்டு வேஸ்ட்டா போவுது!"

சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தவர் அதிகாரிதான். அந்த மனிதர் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகுதான் தனக்கு உத்தரவு போட்டது யார் என்று திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

நனைந்த காலோடு மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "இங்க இன்னா கொறைன்னு ஹாஸ்டல மாத்தணும்? இங்கயே இருக்கட்டும்மா. நான் சொல்லிக்கறேன். நீங்க மொதல்ல எறங்கி வாங்க, விழுந்து வெக்கப் போறீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே இறங்கி அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. காலை எடுத்து ஏணியில் வைத்தும்விட்டேன். அத்தனை ஜன்னல்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. காலைத் திரும்ப மேலே எடுத்துக்கொண்டேன்.

"மாத்தாள் வரலீங்க சார்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு ஜீப்புக்குப் போனார். சொன்னபடியே செய்தார், விடுதி இன்றும் மேலேதான் இருக்கிறது. ஆசிரியர்கள் எல்லாரும் வழியனுப்ப ஓடினார்கள், என்னைத் தவிர. நான் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு பாறைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏணி ஆடியது. பவித்ரா ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எறங்கலாம் டீச்சர். ஆனா கூவுனது சரியில்ல. தொண்டையில கூவக் கூடாது, வயித்துலேந்து வரணும். நாளைக்குச் சொல்லித் தர்றேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "அதான் நாளைக்கும் இங்கதான இருக்கப் போறேன்" என்றாள்.

நான் இறங்கி வந்தேன். கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. வழியனுப்பிவிட்டு வந்து ஏணியைப் பிடித்திருந்த கணக்கு ஆசிரியர் உயரம் பார்த்துப் பயந்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.